திருப்பித் தரும் அரசாங்கம்

என் மனைவியின் அண்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் சீர்காழித் தேங்காயில்தான் ஆரம்பிக்க வேண்டும். அவருடைய சித்தப்பா மகனுக்குச் சீர்காழியில் பெண் பார்த்துத் தட்டு மாற்றினார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பெண் வீட்டார் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள்விட்டுச் சொன்னார்கள். வீட்டில் எல்லோரும் மானம் போயிற்று என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, மச்சான் மட்டும் முதல் பஸ்ஸைப் பிடித்துச் சீர்காழிக்குப் போனார். வெற்றிலை வாடியிருக்கும், பழத்தைத் தின்றிருப்பார்கள், அதை விட்டுவிடலாம், தேங்காயை உடைத்திருக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. புடவை, தட்டு, தேங்காய் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பினார். அவர்கள் மாப்பிள்ளைக்கு வைத்த வேட்டியையும் மறக்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். பெண்ணின் தகப்பனார் காபி கொடுத்தாராம். அதைக் குடித்துவிட்டேன், திருப்பிக் கொடுக்க வழியில்லை என்றார்.

அவரிடம் கஞ்சத்தனம் கிடையாது. கல்யாணம் காட்சி என்றால் மொய் முன்னால் நிற்கும். வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். ஆனால் நியாயமாகத் திரும்பி வரவேண்டிய ஒன்று வராமல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. 'போனது போச்சு' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், "அப்புடிச் சொல்றவன் வூட்டுலதான் மாப்ள எல்லாம் போவும்" என்பார். இந்த வாக்கியத்தை நான் என் பெயரைக் கேட்ட அளவுக்குக் கேட்டிருக்கிறேன்.

ஒருமுறை ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர் போகும்போது பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. பின்னால் வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள் என்றார் கண்டக்டர். பின்னால் வந்த பஸ்ஸில் ஒற்றைக் கால் வைக்க இடமில்லை. மச்சான் இறங்கி, மிச்சத் தூரத்துக்கான காசைத் திருப்பிக் கொடு என்று பஸ்ஸுக்கு முன்னால் சாலையில் உட்கார்ந்துவிட்டார். ஓடாத பஸ்ஸை மறித்து உட்கார்ந்த மனிதரை உலகத்தில் நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். கண்டக்டர் கடைசியில் கொடுத்தார். ஒரு வாத்தியார் கூச்சப்பட்டு வேண்டாம் என்றதற்கு அவர் சட்டைப்பையில் இவரே காசைத் திணித்துவிட்டு வந்தார். நான் அப்போது கால்நடைத் துறையில் ஆய்வாளர். அந்தப் பஸ்ஸில் என்னைத் தெரிந்தவர்கள் பாதிப்பேர். நான் சாலையோரப் புளியமரத்தை ஆராய்ந்துகொண்டு நின்றேன்.

எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு சண்டை வந்து என் மனைவி பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளே பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அவளை அழைத்து வந்தார். வாசலில் நின்று, "மாப்ள, நான் எதையும் திருப்பி வாங்கிருவேன். இத மட்டும் வாங்க மாட்டேன், வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இந்தக் குணம் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. வயலில் வந்தது. அவருடைய அப்பா கோயில் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்தவர். ஒரு போகம் அவருக்கு மஞ்சள்காமாலை. நாற்றங்கால் போட ஆளில்லை. இந்தப் போகம் நீ பார்த்துக்கொள், தையில் நான் எடுத்துக்கொள்கிறேன் என்று பக்கத்து வயல்காரரிடம் வாய்வார்த்தையாக விட்டார். எங்கள் பக்கத்தில் அப்படி விடுவதும் எடுப்பதும் சர்வசாதாரணம். ஆனால் அந்தச் சமயம் பார்த்து, உழுகிறவன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று புதுச் சட்டம் வந்து, அதிகாரிகள் வரப்பு வரப்பாக நடந்தார்கள். வயலில் யார் நின்றாரோ அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். நின்றவர் ஆளுங்கட்சிக் கொடி கட்டியவர். எழுதாதே என்று அவரும் சொல்லவில்லை. உழுதவனுக்கு நிலம் என்று ஊரெல்லாம் மேடை போட்டுப் பேசிய காலத்தில், உழுத மனிதர் காமாலையோடு படுத்துக் கிடந்து நிலத்தை இழந்தார். தையில் அவரே இல்லை.

வழக்கை மச்சான் எடுத்துக்கொண்டார். ஆட்சி மாறும், தாசில்தார் மாறுவார், தாசில்தார் மாறினால் வாய்தா. மறுபடி பழைய ஆட்சி வரும், எதிராளிக்குத் தெம்பு வரும், வாய்தா. அறுவடைக் காலத்தில் இரண்டு தரப்பும் அரிவாளோடு வரப்பில் நின்று, போலீஸ் வந்து, நெல் யாருக்கும் இல்லாமல் வயலிலேயே கொட்டிப்போன வருஷமும் உண்டு. வக்கீலுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாத ஒரு நாள் மச்சான் அடுப்படிக்குப் போய் அக்காவிடம் கையை நீட்டினார். மச்சான் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா தாலிச் செயினைக் கழற்றி, தாலியை உருவி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, செயினை அவர் கையில் வைத்தாள். அடகுக் கடைக்குப் போன செயின் முழுகிப் போயிற்று. நிலம் திரும்பி வந்தது. செயின் வரவில்லை.

இதைச் செய்தவர் தானே என்பதால் யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது என்று மச்சானுக்குத் தெரியவில்லை. அடுத்த போகத்தில் செய்து போடுகிறேன் என்று முதலில் சொன்னார். அடுத்த போகம் வெள்ளம். அதற்கடுத்து மேட்டூரில் தண்ணீர் இல்லை. பிறகு ஒரே மகளின் படிப்பு, அவள் கல்யாணம். அப்புறம் அவர் சொல்வதையும் விட்டுவிட்டார். அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

ஆடிப்பெருக்கு வந்தால் பெண்கள் காவிரியில் முழுகிவிட்டுப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். அன்றைக்கு மச்சான் வீட்டில் இருக்க மாட்டார். காலையில் எழுந்ததும் உரக்கடை, கும்பகோணத்தில் ஒரு ஆள், எங்கள் ஆஸ்பத்திரியில் மாட்டு மருந்து என்று ஏதாவது ஒரு ஜோலி வந்துவிடும். சாயங்காலம் என்னோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் கிளம்புவார். மாட்டுக்கு ஒன்றும் இருக்காது. நானும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவரை மகள் சிங்கப்பூருக்கு அழைத்தாள். பேரன் பிறந்து பல் முளைத்துவிட்டது, அப்பாவும் அம்மாவும் வந்து பார்க்க வேண்டும் என்று டிக்கெட் அனுப்பினாள். இங்கிலீஷ் தெரிந்த ஆள் கூட வேண்டும் என்று மச்சான் எனக்கும் ஒரு டிக்கெட் எடுத்தார். என்னுடைய இங்கிலீஷ் முழுவதும் மாட்டு வியாதிகளின் பெயர். அதைச் சொன்னேன். பரவாயில்லை, நம்மிடம் யாரும் வேறு கேட்கப் போவதில்லை என்றார். மாடுகளைப் பார்த்துக்கொள்ள என் மனைவி ஊரில் தங்கிவிட்டாள்.

அந்த வருஷம் நெல் கொஞ்சம் விளைந்திருந்தது. மச்சான் அந்தப் பணத்தைத் திருச்சியில் சிங்கப்பூர்க் காசாக மாற்றி இடுப்பில் முடிந்துகொண்டு வந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. போன இரண்டாம் நாள், தமிழ்க் கடைகள் இருக்கிற தெருவில் ஒரு நகைக்கடைக்கு எங்களை அழைத்துப் போனார். அக்காவை உட்காரச் சொன்னார். தாலிச் செயின் எடுங்க என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மோதிரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கையில் வந்த முதல் செயினையே போதும் என்றாள். 

பில் போடும்போதுதான் கடைக்காரர் அந்த விஷயத்தைச் சொன்னார். நீங்கள் வெளியூர்க்காரர்கள், இந்தப் பொருளை நாட்டை விட்டு எடுத்துப் போகிறீர்கள், அதனால் இதற்கு வாங்கிய வரியை விமான நிலையத்தில் அரசாங்கம் திருப்பிக் கொடுக்கும். பொருளையும் பில்லையும் காட்டி முத்திரை வாங்கினால் போதும்.

மச்சான் மறுபடி சொல்லச் சொன்னார். கடைக்காரர் சொன்னார். திருப்பிக் கொடுப்பதற்கு வக்கீல் வைக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் கடைக்காரர். மச்சான் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர் சிங்கப்பூரைப் பார்க்கவில்லை. பறவைப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். கிளி ஒன்று தோளில் வந்து உட்கார்ந்தது. அதைத் தோளில் வைத்துக்கொண்டே, "நம்ம ஊருல உழுதவனுக்கே திருப்பித் தர இத்தன வருஷம் ஆச்சு மாப்ள. இங்க வழிப்போக்கனுக்குத் தர்றான் பாருங்க" என்றார். இந்த ஊர் ரோட்டில் நாம் இனிமேல் நடக்கப் போவதில்லை, அதனால் அந்த வரி நம்முடையதுதான் என்று அதற்கு நியாயமும் கண்டுபிடித்தார். இங்கேயே குடியிருப்பதால் எனக்கு அது கிடைக்காதப்பா என்றாள் மகள். மச்சான் யோசித்துவிட்டு, அப்படியானால் கிளம்பி வந்துவிடு என்றார். என் மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார். அவளிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. நாங்கள் திரும்புவதற்குள் ஊரில் சிங்கப்பூர் அரசாங்கத்துக்கு நல்ல பெயர் வந்துவிட்டது.

கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் என்னை ரயிலில் ஏற்றி விமான நிலையத்துக்கே கூட்டிப் போனார். வாய்தாவுக்கு முந்தி ஒருதரம் கோர்ட்டு வாசலைப் பார்த்துவிட வேண்டும், அன்றைக்குப் போய்த் தேடினால் கேஸ் கட்டு கைமாறிவிடும் என்பது அவர் அனுபவம். சுங்கக் கவுண்டர் எந்தப் பக்கம் என்று பார்த்தார். எதிரே நின்று, ஒவ்வொருவரும் எப்படிப் பொருளைக் காட்டுகிறார்கள், எப்படி முத்திரை விழுகிறது என்று கவனித்தார். ஒருவர் டேப் ரிக்கார்டரைக் காட்டினார். ஒரு வெள்ளைக்காரம்மா பட்டுத் துணியைக் காட்டினார். எல்லோருக்கும் விழுந்தது. மச்சான் முகத்தில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து செயினைப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கைப்பையில் வைத்து, பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

விமானம் கிளம்பும் நாள் ஆடிப்பெருக்கு. டிக்கெட் போட்டவள் அதைக் கவனிக்கவில்லை. ஊரில் அந்த வருஷமும் காவிரியில் மணல்தான். தெருக் குழாயில் குளித்துவிட்டு, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிப் பூசை செய்கிறார்கள் என்று என் மனைவி போனில் சொன்னாள். சிங்கப்பூரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. மகள் விடிந்ததும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கிளறி, காதோலை கருகமணி எல்லாம் எங்கிருந்தோ வாங்கி வைத்து, வாளித் தண்ணீரைக் காவிரியாக வைத்துக் கும்பிடத் தயாரானாள். அதைப் பார்த்ததும் மச்சானுக்கு வழக்கப்படி ஜோலி வந்துவிட்டது. ஊருக்குத் தைலம் வாங்க வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார். இந்த ஊரிலுமா என்று நினைத்தேன், சொல்லவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது அக்கா குளித்து, தலைமுடியை நுனியில் முடிந்து, கழுத்தில் புதுச் செயினோடு நின்றாள். வீட்டில் பொன்னை வைத்துக்கொண்டு ஆடிப்பெருக்கன்று எவளாவது புது மஞ்சள் கயிறு கட்டுவாளா? மகள் சொல்ல, அக்கா பழைய கயிற்றிலிருந்து தாலியை எடுத்துச் செயினில் கோத்துப் போட்டுக்கொண்டுவிட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மச்சான் பார்த்தார். தைலப் பாட்டில்களை மெதுவாகக் கீழே வைத்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இத்தனை காலம் அந்த நாளில் ஓடி ஒளிந்தவர் அன்றைக்கு நின்று பார்த்தார். அப்புறம், பெட்டி எங்கே என்று கேட்டார். பில் எங்கே என்று கேட்டார். போட்டுக்கொண்டு போனால் என்ன, கழுத்தில் இருந்தால் அவர்களுக்குத் தெரியாதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டாக்ஸியில் என்னிடம் கேட்டார். தெரியும் மச்சான் என்றேன். எனக்கு என்ன தெரியும்?

கவுண்டரில் இருந்தது தமிழ்ப்பெண். சீருடை போட்டிருந்தாள். மச்சான் பில்லை நீட்டி, நாங்கள் மூன்று பேரும் தஞ்சாவூர் என்று தேவையில்லாமல் சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பொருளைக் காட்டச் சொன்னாள். அக்கா முந்தானையை விலக்கிச் செயினை இழுத்துக் காட்டினாள். செயினோடு தாலியும் வெளியே வந்து தொங்கியது.

அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். பொருளைக் கையில் வாங்கி, கொக்கிப் பக்கம் இருக்கிற முத்திரையையும் எடையையும் பில்லோடு ஒத்துப் பார்க்க வேண்டும், கழுத்தில் இருந்தால் பார்க்க முடியாது என்றாள். என்ன கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே ஓர் அறை இருக்கிறது, அங்கே வைத்துக் கழற்றிக் கொடுக்கலாம், ஐந்து நிமிஷம் ஆகும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அவள் வேலை அது.

புருஷன் பக்கத்தில் நிற்கும்போது தாலியைக் கழற்றுவதா என்று எங்கள் ஊரில் கொலைகூட விழும். ஆனால் மச்சானை எனக்குத் தெரியும். ஓடாத பஸ்ஸை மறித்தவர். ஐந்து நிமிஷம்தானே, அறைக்குள்தானே என்று சொல்லிவிடுவார் என்றுதான் உள்ளபடியே நினைத்தேன். அவர் வாயைத் திறக்கும் முன் புளியமரம் எதையாவது தேடிப் பார்வையை ஓட்டினேன். விமான நிலையத்தில் புளியமரம் ஏது?

அக்காவும் அதையேதான் நினைத்திருக்கிறாள். அவர் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. கை பின்கழுத்துக்குப் போய்விட்டது.

"ஏங்க, கழட்டிரவா? எனக்கு ஒண்ணுமில்ல. முன்னாடி குடுத்ததுதானே."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. அடுப்பை அணைத்துவிடவா என்று கேட்கிற குரல். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கொக்கி விரலில் அகப்படாமல் அவள் தலையைக் குனிந்து தடவிக்கொண்டிருந்தாள்.

"கைய எடு" என்றார் மச்சான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எடுங்கறேன்ல." பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "எங்களுக்கு வேணாம்மா. போனா போவுது" என்றார்.

நேரம் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் ஐயா என்றாள் அவள். யோசித்துவிட்டேன் என்றார். பின்னால் நின்ற ஆள் ஒரு பெரிய பெட்டியை மேஜைமேல் வைத்தார். நாங்கள் விலகிக்கொண்டோம்.

அவர் பெரிய மனது பண்ணியதற்கு அக்கா உருகிப் போவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. விமானம் ஏறுமுன்பே ஆரம்பித்தாள். அவ்வளவு பணத்தை அப்படியே விட்டுவிட்டு வருகிறீர்களே, ஊர்முழுக்கச் சொல்லிவைத்தீர்களே, ஒரு அறைக்குள் போய்வர என்ன கேடு என்றாள். மச்சான் ம் கொட்டினார். விமானம் கிளம்பியது. ஜன்னலோரம் அவர், நடுவில் அக்கா, இந்தப் பக்கம் நான். வாயைத் திறக்காமலே எத்தனையோ வருஷம் இருந்தவள், கடலுக்கு மேலே பேசிக்கொண்டே வந்தாள். பேச்சு எப்போது பழைய செயினுக்குப் போயிற்று என்று நான் கவனிக்கவில்லை. நான் காதைக் கொடுத்தபோது அவள் செயினைக் கழற்றிக் கொடுத்த அந்த நாளில் இருந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றாள். சோறு வடித்துக்கொண்டிருந்தாளாம். அவர் அடுப்படி வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாராம். கழற்றுகிற அவசரத்தில் கஞ்சி காலில் கொட்டியதாம். அது எனக்குத் தெரியாது. மச்சானுக்கும் தெரியாது என்பது அவர் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவன்போலக் கிடந்தேன். சாப்பாடு வந்தது, போயிற்று. அக்காவின் குரல் தணிந்துவிட்டது.

"அன்னைக்கும் இதே மாதிரி கைய எடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல. நெலம் போவுதேன்னு நான் குடுத்துத்தான் இருப்பேன், அது வேற. நீங்க சொல்லியிருக்கலாம்."

மச்சான் ஜன்னல் மூடியை இறக்கிவிடும் சத்தம் கேட்டது.

"சொல்லியிருக்கலாம்" என்றார்.